நூற்றுக்கு எண்பது

ரஸ்க் நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை.
கங்குனைக் கிட்டக் கொண்டுபோனால்
மூக்கை ஒருதரம் ஆட்டிவிட்டு
ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில்
முதுகைக் காட்டிக் குந்துகிறது.
இரவு முழுக்க
மூன்றே மூன்று புழுக்கை,
மிளகைவிடச் சின்னன்,
மயிரால் ஒன்றோடொன்று கோர்த்தபடி.

"பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டவிடக் கூடாது."
நுகேகொடை டொக்டர் ரணசூரிய
கன்னத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
பல்லில் பிழையில்லை. குடல்தான் நின்றுபோயிருக்கு.
அது ஓடிக்கொண்டே இருக்கவேணும்,
தள்ளுவதற்குப் பின்னால் புல்லு வரவேணும்.
பிறகு, மட்டக்களப்பில் வேலை செய்து பழகிய தமிழில்:
"என்ன எல்லாம் குடுத்தனீங்க?"

மிதுரா விரல் மடித்துச் சொன்னாள்,
வல்லாரை, கரட் ஒரு துண்டு, கடைத் தீன்.
நான் சுவரில் இருந்த
பசுவின் வயிற்றுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரி பிஸ்கட்டை நான் சொல்லவில்லை.
மாதக் கடைசியில் கம்பனிக் கணக்கு
பதின்மூன்று ரூபாயால் ஒத்துவராத இரவுகளில்
ஒரு கடி எனக்கு, ஒரு கடி அதற்கு.
பின்னங்காலில் எழும்பி
என் முழங்காலைத் தொடும்.
இந்த வீட்டில்
கேட்டு வாங்குகிற ஒரே ஆள் அதுதான்.

"நூற்றுக்கு எண்பது புல்லு," என்றார் டொக்டர்.
எண்பது.
வெள்ளவத்தையில். ஆறாம் மாடியில்.

தீனை ஊறவைத்து, அரைத்து, வடித்து,
ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து,
துவாயால் சுற்றி மடியில் வைத்து
கடைவாய்ப் பக்கம், பல்லில்லாத இடைவெளியால்
அரை மில்லி.
பொறு.
விழுங்கட்டும்.
அரை மில்லி.
நேரே உள்ளே அடித்தால் புரைக்கேறும்.
பத்து மில்லிக்கு முக்கால் மணித்தியாலம்,
அதில் பாதி என் சட்டையில்.
மிதுரா அதன் வயிற்றை
இரண்டு விரலால் வட்டமாகத் தடவினாள்,
"போ, போ," என்று
பஸ்ஸை அனுப்புகிற கொண்டக்டர்போல.

விடிய ஐந்தரைக்கு
குசினிக் கத்தரிக்கோலும் வெறும் அரிசிப் பையுமாக
கடற்கரைத் தண்டவாளத்துக்குப் போனேன்.
கினிப்புல் இடுப்பளவு நின்றது.
இரண்டு பிடி வெட்டியிருப்பேன்,
முகத்தில் டோர்ச் வெளிச்சம்.

அடையாள அட்டை வீட்டில்.
நாற்பத்தேழு வயதில், இருட்டில், ரயில் பாதையோரம்
கையில் கத்தரிக்கோலோடு ஒரு தமிழ்ப் பொம்பிளை.
முந்தி இவ்வளவு போதும்.
தெரிந்த சிங்களமெல்லாம் வாயை விட்டு ஓடிற்று.
"ஹாவா," என்றேன்.
"ஹாவா கன்னே நே."
பொலிஸ்காரன் விளங்காமல் நிற்க
தலைக்கு மேல் இரண்டு விரலை
காதாக வைத்துக் காட்டினேன்.
பையை விழவிட்டேனே தவிர, கத்தரிக்கோலை விடவில்லை.

டோர்ச் அணைந்தது.
பொடியன், மீசை சரியாக முளைக்கவில்லை.
இங்கே வெட்டாதீங்க என்று கைகாட்டினான்,
போன கிழமைதான் மருந்தடித்தார்களாம்.
வெட்டியதை எல்லாம் கொட்டினேன்.
கேட்காரரின் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்
புல்லைக் கொத்தாக வளைத்துப் பிடித்தான்,
நான் வெட்டினேன்.
பெயர் கேட்கவில்லை.
அதைக் கவனித்தேன்.

ரஸ்க் மணந்தது. விலகிற்று.
திரும்பி வந்து ஒரேயொரு தாளை
நுனியில் கவ்வ,
அது மெல்ல மெல்ல
உள்ளே போய்க்கொண்டிருந்தது.
நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

பின்னேரம் ஒன்பது புழுக்கை.
மிதுரா ஒன்றைக் கடதாசியில் உருட்டி
"கடலையளவு, அம்மா!" என்று கத்தினாள்.
கணக்குக் கொப்பியின் ஓரத்தில்
ஒன்பது என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
அன்று சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

இரவு பதினொன்று.
முழங்காலில் அந்தக் கால்.
பிஸ்கட் பக்கற் மேல்தட்டில், ரப்பர்பான்ட் போட்டு.
மிதுராவுக்கு இன்னும் சொல்லவில்லை.
புல்லை நீட்டினேன்.
ரஸ்க் மேல்தட்டைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
முதல் எங்கே என்று தெரிந்தும்
இப்போதைக்கு வட்டியை மட்டும் வாங்கிப்போகிற
கடன்காரனைப் போல
புல்லை எடுத்துக்கொண்டு போயிற்று.